பேக்கண்ணனுக்குப் பின்னால்

இன்றைக்கும் எங்கள் ஸ்டோர் வாசலில் லாரி ரிவர்ஸ் வரும்போது ஆட்கள் "பேக்... பேக்... பேக்..." என்று குரல் கொடுப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பேக்கண்ணே இங்கே இருந்த காலத்தில் இந்தச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பதில் வரும். லாரிக்காரன் குழம்பிப்போய் வண்டியை நிறுத்திவிடுவான். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்தாரா, வேண்டுமென்றே வந்தாரா என்று நான் அப்போது கேட்டதில்லை. வேண்டுமென்றேதான் என்று இப்போது தோன்றுகிறது.

தோஹா தொழில்பேட்டையில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று எழுதுகிற வேலை. அவருக்கு என் ரூமில் எதிர்க் கட்டில். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். நான் பேராவூரணி என்று சொன்ன நிமிஷத்திலேயே "தம்பி" ஆகிவிட்டேன். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேம்பில் யாருக்கும் விளங்காது. எல்லோருக்கும் அவர் பேக்கண்ணே. கால்பந்தில் கோல் காக்கிற கோலிக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கிறவரை நாங்கள் பேக் என்போம். அவர் பதின்மூன்று வயதிலிருந்து பேக்.

சென்னையிலிருந்து புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் ஒருவன் முதல் நாளே என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டான். "இன்னா சார், பெரிய மனுசன மூஞ்சிக்கு நேரா பேக்குன்றீங்க? அவரும் பல்ல காட்டினு இருக்காரு?"

இது அவர் காதில் விழுந்துவிட்டது. "ஏம்ப்பா, பேக்குன்னா உங்க ஊர்ல என்ன அர்த்தம்?"

அவன் நெளிந்தான். "வெவரம் பத்தாதவன்னு அர்த்தம்ணா."

"சரியாத்தான் இருக்கு. வெவரம் உள்ளவன்லாம் ஃபார்வேர்டு ஆடப் போயிடுவான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். தனக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. கேம்ப் பஸ்ஸில் கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். மெஸ்ஸில் சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆள். அவர் வருவதற்குள் குழம்பில் தண்ணீர் மட்டும் மிஞ்சியிருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை முனகமாட்டார். ஆனால் அவருக்குப் பிறகு யாராவது வந்து நின்றால் அவருக்குத் தாங்காது. "நீ முன்னாடி போ" என்பார். வந்தவனும் மரியாதைக்கு "பரவால்லண்ணே, நீங்க போங்க" என்பான். அவர் விடமாட்டார். இந்த மரியாதைச் சண்டையில் ஒரு தடவை இரண்டு பேருக்குமே சோறு தீர்ந்துவிட்டது. இரண்டு பேரும் என் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்தார்கள்.

ஒரு முறை அவரை ஃபோர்மேன் ஆக்குகிறேன் என்று மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னார். ஃபோர்மேன் என்றால் ஆட்களுக்கு முன்னால் நடக்க வேண்டும். இவர் யோசிக்கக்கூட இல்லை. "முன்னாடி நடக்கறது நமக்கு வராது சார். வேற யாரையாச்சும் போட்டுக்கங்க."

அவரிடம் எந்தப் பிரச்சினையைக் கொண்டு போனாலும் ஒரே மருந்துதான். "மொதல்ல வெளிய அடி. அப்புறம் யோசிக்கலாம்." மைதானத்தில் அவர் பந்தோடு செய்கிற காரியமும் அதுதான். காலில் வைத்து அழகு பார்ப்பது, பக்கத்து ஆளுக்குத் தட்டிவிடுவது எல்லாம் கிடையாது. வந்த பந்தை அதே வேகத்தில் கோட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு, எதிராளியைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து "மாஃபி" என்பார். இல்லை என்பதற்கு அரபு வார்த்தை. பன்னிரண்டு வருஷ வளைகுடா வாழ்க்கையில் அவர் கற்ற அரபு இந்த மாஃபியும், முடிந்தது என்பதற்குச் சொல்லும் கலாஸும்தான். மாஃபி எதிராளிக்கு, கலாஸ் எங்கள் கோலிக்கு.

வீட்டோடு போனில் பேசும்போதும் இதே ஆட்டம்தான். மகளுக்குப் படிப்பு முடியும் முன்பே ஒரு சம்பந்தம் வந்ததாம். மனைவி தயங்கித் தயங்கிச் சொல்கிறார். இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "யாரு வந்தா என்ன? மொதல்ல வெளிய அடி. புள்ள பரிச்ச எழுதட்டும், அப்புறம் யோசிக்கலாம்." அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அட, மாப்புளைய அடிக்கச் சொல்லலடி" என்றார்.

அவர் இங்கே வந்து சேர்ந்த கதையைத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கடற்கரை டவுன்களில் கோடையில் டோர்னமென்ட் நடக்கும். வெளியூர் டீம்கள் இவரை விலை பேசி அழைத்துப்போகும். விலை என்றால் போக வர பஸ், ஒரு பிரியாணி, நல்ல டீமாக இருந்தால் ஒரு ஜோடி பூட்ஸ். அப்படி ஒரு ஆட்டத்தை எங்கள் மேனேஜர் பார்த்துவிட்டார். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக அந்த ஊருக்கு வந்தவர். கேரளத்து மலப்புரத்துக்காரர், பந்து என்றால் உயிர். கல்யாணச் சாப்பாட்டை மறந்துவிட்டு மைதானத்தில் நின்றிருக்கிறார். அடுத்த மூன்றாவது மாதம் இவருக்கு விசா வந்துவிட்டது.

எங்கள் கம்பெனியில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறையில் கம்பெனி டீமுக்கு நன்றாக ஆடுகிறவனுக்கு மற்ற நாட்களில் நிழலில் டியூட்டி. ஜூன், ஜூலை வெயிலில் சாரத்தின் இரும்புக் குழாயைத் தொட்டவனுக்குத்தான் நிழல் என்றால் என்ன என்று தெரியும். பேக்கண்ணனுக்கு ஸ்டோரில் வேலை. ஏசி வைத்த கன்டெய்னருக்குள் உட்கார்ந்து கிளாம்ப் எண்ணுவது. மேனேஜர் எங்கேயோ படித்துவிட்டு வந்து ஒரு நாள் சொன்னார்: இங்கிலீஷ்காரன் நாட்டிலும் ஆரம்ப காலத்தில் இப்படித்தானாம். பந்தாடுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்று, மில்லில் வேலை என்று சொல்லிக் கூட்டிவந்து ஆட வைப்பார்களாம். பேக்கண்ணனுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "அப்ப நான் ஆதி காலத்து இங்கிலீஷ்கார பேக்கு" என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வாரம் முழுக்க எலக்ட்ரீஷியன் அவரைத் துரை என்றுதான் கூப்பிட்டான்.

விசாவில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. கம்பெனிக்காக அரசாங்க ஆபீஸ்களுக்கு அலைகிறவரை இங்கே மந்தூப் என்பார்கள். எங்கள் மந்தூப் ஒரு எகிப்துக்காரர். இந்த ஆளுக்கு என்ன வேலை போடுவது என்று அவர் கேட்க, மேனேஜர் சந்தோஷத்தில் "டிஃபெண்டர்" என்று சொல்லிவிட்டாராம். தடுக்கிறவன் என்றால் காவல்காரன்தானே என்று அவர் அரபியில் "ஹாரிஸ்" என்று எழுதிவிட்டார். ஹாரிஸ் என்றால் வாட்ச்மேன். பன்னிரண்டு வருஷமாக அவர் அடையாள அட்டையில் அதுதான் இருந்தது. யாருக்கும் அதனால் நஷ்டமில்லை, யாரும் மாற்றவுமில்லை.

அவருக்குப் பின்னால் நிற்க உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை இருந்தது. எங்கள் கோலி. நேபாளத்துப் பையன், நல்லவன். அவன் மேல் இவருக்கு இருந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவன் இரண்டு கையையும் நீட்டிப் பந்தைப் பிடிக்கப்போகிற நேரத்தில் இவர் குறுக்கே பாய்ந்து வெளியே அடித்துவிடுவார்.

"பாய், வோ மேரா பால் தா!" என்று அவன் அழாத குறையாகக் கத்துவான். அது என் பந்து என்கிறான்.

"ஒம் பந்தும் இல்ல, எம் பந்தும் இல்ல. இப்ப அது அந்தக் காயலான் கடைக்காரன் பந்து. கலாஸ்" என்பார்.

மைதானத்தை ஒட்டி ஒரு காயலான் கடை மதில் உண்டு. இவர் அடிக்கிற பந்தில் பாதி அதற்குள்தான் விழும். போய் எடுத்துவர வேண்டியது அந்தக் கோலிதான்.

மைதானத்தின் பாதிக் கோட்டை அவர் தாண்டியதே இல்லை. எங்களுக்குக் கார்னர் கிடைத்தால் டீமே முன்னால் ஓடும். இவர் மட்டும் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு கோல் அடிக்க ஆசையே இல்லையா என்று கேட்டேன். "நான் அங்க போயிட்டா இங்க யாரு?" என்றார்.

அவர் இங்கே இருந்த கடைசி வருஷம் வெயில் ஆரம்பிக்கும் முன் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஸ்டோரில் ஆள் அதிகம், சைட்டில் ஆள் குறைவு, இது என்ன கணக்கு என்று கேள்வி. மேனேஜர் டீமைக் கூப்பிட்டு நிறுத்தினார். "இந்தத் தவண கப்பு வந்தால் ஞான் மேலே பேசி சரியாக்கும். கப்பு இல்லெங்கில் எல்லாரும் சைட்டுக்குப் போகணும், கேட்டோ. பேக்கே, நிங்களும்தான்."

பேக்கண்ணே சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காரணம், அதற்கு ஒரு மாதம் முன்பு நான் ஒன்றைப் பார்த்திருந்தேன்.

எங்கள் ரூம் இரண்டாவது மாடி. டியூட்டி முடிந்து வந்தால் "நீங்க போங்க, நான் கடைசியில வர்றேன்" என்று கீழேயே நின்றுவிடுவார். அவர் கொள்கை தெரிந்ததுதானே என்று நாங்கள் ஏறிவிடுவோம். அன்றைக்கு நான் டிபன் கேரியரை பஸ்ஸில் விட்டுவிட்டு எடுக்கத் திரும்பி இறங்கினேன். அவர் கம்பியைப் பிடித்துத் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. வலது முழங்கால் பேண்ட்டை முட்டிக்கொண்டு வீங்கியிருந்தது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேண்ணே."

"யார்ட்டயும் சொல்லிடாத தம்பி. சாரத்துல ஏறச் சொன்னா நாலாவது கம்பியிலயே நின்னுடுவேன். அப்புறம் டாக்டரு, ரிப்போர்ட்டு, அன்ஃபிட்டுன்னு சீல குத்தி அனுப்பிடுவானுங்க."

"இந்தக் காலோட எப்படிண்ணே ஆடுறீங்க?"

"நிக்க வேண்டிய எடத்துல நின்னா ஓட வேண்டியதில்ல." பிறகு ஒரு படி ஏறிவிட்டுச் சொன்னார், "நீ முன்னாடி போ. பின்னால நின்னு பாக்காத."

எனக்கு அப்போது ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனிதர் கடைசி ஆளாக வந்தது எதுவரைக்கும் கொள்கை, எதிலிருந்து முழங்கால் என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

தொழில்பேட்டைக் கம்பெனிகளின் டோர்னமென்ட் ஃபைனல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எதிர் டீம் சிமென்ட் கல் கம்பெனி. அவர்களிடம் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்காரன் ஒருவன் இருந்தான். ஓடினால் புழுதிதான் தெரியும், ஆள் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் தொடங்கும் முன்னால் வேறொரு கூத்து நடந்தது.

வெளியாள் யாரும் ஆடிவிடக்கூடாது என்று அந்த வருஷம் புதிதாக அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர் எழுதினார்கள். எழுதினவர் அரபிக்காரர். பேக்கண்ணன் அட்டையில் ஹாரிஸ் என்று பார்த்திருக்கிறார். வாட்ச்மேனுக்கும் அரபியில் ஹாரிஸ், கோலிக்கும் அரபியில் ஹாரிஸ். "ஆகா, கோலி கிடைத்துவிட்டான்" என்று இவர் பெயரைக் கோலியாகவும், எங்கள் நேபாளத்தானைச் சாதாரண ஆட்டக்காரனாகவும் எழுதிவிட்டார். ரெஃப்ரீ சூடான்காரர், தாளை உயர்த்திப் பிடித்துவிட்டார். எழுதியது எழுதியதுதான், மாற்ற முடியாது. மேனேஜர் கெஞ்சினார், மந்தூப்புக்குப் போன் போட்டுத் திட்டினார். பயனில்லை.

நேபாளத்தான் தன் கையுறையைக் கழற்றி இவரிடம் நீட்டினான். இவர் அதை இரண்டு விரலால் வாங்கி, கோல் கம்பத்தின் மேல் மாட்டிவிட்டு, தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கைய யூஸ் பண்ணுங்கண்ணே, கோலிக்கு அலவுடுண்ணே!" என்று நாங்கள் வெளியிலிருந்து கத்தினோம்.

"பதிமூணு வயசுலேர்ந்து கட்டி வச்ச கை. இன்னிக்கு அவுத்தா என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது" என்று அங்கிருந்தே பதில் சொன்னார்.

கையைக் கட்டிக்கொண்டே அவர் கோல் காத்த அழகை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நெஞ்சில் வாங்கினார், தொடையில் வாங்கினார், ஒரு தடவை முகத்தில் வாங்கினார். முதல் பாதியிலேயே ஒரு பந்தை மதிலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். காயலான் கடை கேட் பூட்டியிருந்தது. அங்கே இருந்த நிஜ ஹாரிஸ் வெள்ளிக்கிழமை என்று எங்கேயோ போய்விட்டான். இனி கையிலிருந்தது இன்னொரு பந்து மட்டும்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது கானாக்காரன் கிளம்பினான். முன்னால் பேக்காக நின்ற நேபாளத்தானை ஒரே திருப்பில் தாண்டிவிட்டான். இப்போது அவனும் பேக்கண்ணனும் மட்டும். அவருக்குப் பின்னால் வலை. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஆட்டம் கண்ணில் தெரியவில்லை. நாலாவது கம்பியில் நின்றுவிட்ட ஒரு மனிதரும் அவர் கையில் ஒரு சீல் குத்திய காகிதமும்தான் தெரிந்தது.

அவர் முன்னால் வந்தார். அந்தக் காலோடு எப்படி ஓடினாரோ. கானாக்காரன் உதைக்கக் காலைத் தூக்கிய நேரத்தில் பக்கவாட்டில் சரிந்து பந்தை மட்டும் வாங்கி, எழுந்து, வலது காலால் ஓர் அடி. பந்து மதிலைத் தாண்டியது, காயலான் கடைத் தகரக் கூரையில் விழுந்து சத்தம் எழுப்பியது, அப்புறம் சத்தமில்லை. அவர் கையை அவிழ்த்து இரண்டு பக்கமும் விரித்தார்.

"மாஃபி."

உண்மையிலேயே மாஃபி. அடுத்த பந்து இல்லை. கேட் பூட்டு, ஹாரிஸ் இல்லை, இருட்டப்போகிறது. ரெஃப்ரீ கடிகாரத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் கப்பு இரண்டு டீமுக்கும் பொது, ஆளுக்கு ஆறு மாதம் என்று தீர்ப்பு. முதல் ஆறு மாதம் எங்களுக்கு. கானாக்காரன் வந்து பேக்கண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இவர் நின்றார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மேனேஜர் ஹெட் ஆபீஸில் பேசி ஸ்டோர் ஆட்களைக் காப்பாற்றிவிட்டார். பேக்கண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி நிங்கள் தான் நம்முடெ கோலி. ஓடவேண்டா, நின்னால் போதும். ஸ்டோரும் உண்டு, நிழலும் உண்டு" என்றார். முழங்கால் விஷயம் அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இவர் ரூமுக்கு வந்து விசா கேன்சல் பண்ண லெட்டர் எழுதித் தரச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு என்ன பைத்தியமாண்ணே? நிழல் கெடச்சாச்சு. ஆயுசுக்கும் கோலியா நின்னுட்டுப் போங்களேன்."

"இருபத்தஞ்சு வருசமா கோலிய ஏசிக்கிட்டு வந்தவன் தம்பி நான். நானே அங்க போய் நின்னா, முன்னாடி யாரு நிப்பா, பின்னாடி யார ஏசுறது?" முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார். "இன்னும் ஆறு மாசத்துல இந்தக் காலே என்னைய அனுப்பிடும். அனுப்புற வரைக்கும் நிக்கக் கூடாது. மொதல்ல வெளிய அடிச்சுட்டேன். அப்புறம் யோசிக்கலாம்."

வேலையை விட்டுப் போகிறவன் ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் கையெழுத்து வாங்க வேண்டிய தாளுக்குக் கிளியரன்ஸ் என்று பெயர். பந்தை வெளியே அடிப்பதற்கும் அதுதான் பெயர் என்று சொன்னேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அதில் வேலை என்ற கட்டத்தில் ஹாரிஸ் என்று நான் எழுதப்போக, கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியிலயாச்சும் சரியா எழுது." பேக் என்று எழுதினேன். ஆபீஸில் அதைப் பார்த்த கிளார்க் "பேக்? எங்கே பேக்?" என்று இங்கிலீஷில் கேட்டான், எங்கே திரும்பிப் போகிறாய் என்ற அர்த்தத்தில். "ஊருக்குத்தான்" என்றார் இவர். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

எனக்கு லீவு பாக்கி இருந்தது. அதே திருச்சி விமானத்தில் நானும் டிக்கெட் போட்டேன். தனியாக அனுப்ப மனசில்லை. ஏர்போர்ட்டில் கேட்டைத் திறந்ததும் ஜனம் வழக்கம்போல முண்டியடித்தது. இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. எல்லோரும் போய்விட்ட பிறகு என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு, கடைசி ஆளாக வந்து நின்றார்.

கவுண்டரில் இருந்த பெண் அவர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "பீச்சே கோயி ஹை?" என்று கேட்டாள். பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று.

அவர் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலிகள். தூரத்தில் ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க அவ்வளவு நேரம் தேவையே இல்லை, ஆனால் அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் மெல்ல விரித்தார்.

"மாஃபி."

விமானத்துக்குப் போகிற அந்த நீளப் பாதையில் எனக்குப் பின்னால் ஓர் அடி, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு அடி என்று சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. நான் மெதுவாக நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.